வெள்ளிக்கிழமை பிடிபடாத மீன்

"நோர்வேப் பைலை எனக்குக் காட்டுங்கோ, சேர்."

சொல்லிவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், பைலை மட்டும் கேட்காதே என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. துறையின் தட்டெழுத்தாளர் பத்மாசினி சொன்னாள். பிரதம லிகிதர் சொன்னார். பைல் என்றால் என்ன நிறம் என்றே தெரியாத என் அம்மாகூட, "பெரியாக்களோடை முட்டாதை மோள், எங்கடை சனத்திலை நீ ஒருத்திதான் கம்பசுக்குப் போனது" என்று சொல்லித்தான் காலையில் அனுப்பியிருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் சிவசுப்பிரமணியம். மீன்வளத் துறையின் தலைவர். கண்ணாடியைக் கழற்றினார். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் பைல் கேட்டதில்லைப் போலும். முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது.

"என்னத்துக்கு?"

"என்ரை பேர் ஏன் அதிலை இல்லை எண்டு பாக்க."

விஷயம் சிக்கலானதல்ல. நோர்வேயில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் துறைக்கும் பரிமாற்ற ஒப்பந்தம். இங்கிருந்து ஓர் உதவி விரிவுரையாளர் ஒரு வருடம் அங்கே போவார். திரும்பி வந்து இரண்டு வருடம் குருநகர் இறங்குதுறையில் நாளுக்கு இருபது மீன் அளந்து, மாத முடிவில் அங்கே அனுப்புவார். அந்த அளவுகள் தவறாமல் போனால்தான் அடுத்தவருக்கு இடம். பதிலுக்கு அவர்களும் ஓர் ஆசிரியரை இங்கே அனுப்பவேண்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் மட்டும்தான் வருகிறது.

எண்பத்து நான்கில் பஞ்சலிங்கம் என்பவர் போனார். இப்போது எண்பத்தாறு பெப்ரவரி, அடுத்த முறை. துறையில் முதலாம் வகுப்பு எடுத்தவள் நான் ஒருத்தி. அறிவித்தல் பலகையில் தொங்கியதோ செபநாயகத்தின் பெயர். செபநாயகம் பரீட்சையில் சாதாரண சித்தி. அவனிடம் இருக்கும் பெரிய தகைமை, இலண்டனில் இரண்டு தமையன்மார்.

"உம்மடை விண்ணப்பம் பிந்திப்போச்சு" என்றார் பேராசிரியர்.

"உங்கடை கையிலை நான்தான் தந்தனான். முதல் ஆளாய்."

"அப்ப நான்தான் பிந்திப்போனன் எண்டு வையுமன்."

"சேர், செபநாயகத்துக்கு ஓரா மீனுக்கும் ஒட்டி மீனுக்கும் வித்தியாசம் தெரியாது."

"நோர்வேயிலை ஓராவும் இல்லை, ஒட்டியும் இல்லை."

எனக்குக் காது சுட்டது. "அது கிடக்கட்டும். முதல் போன பஞ்சலிங்கம் எங்கை? திரும்பி வருவன் எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போய் அங்கையே நிண்டிட்டார் எண்டு ஊரே கதைக்குது. அவர் வராமல் அடுத்த இடம் எப்பிடித் திறந்தது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஆர் சொன்னது வரேல்லை எண்டு? குருநகரிலை நிண்டு மீன் அளக்கிறார். எட்டு மாசமாய் ஒழுங்காய் அளவு போகுது. நீர் வீட்டை போம் பிள்ளை."

நான் பிறந்தது குருநகரில். எங்கள் வாசலில் நின்று கல்லெறிந்தால் இறங்குதுறையில் விழும். எட்டு மாதமாக ஒரு மனிதர் அங்கே நாளுக்கு இருபது மீன் அளந்திருந்தால், அவருடைய சாரத்தின் கரை என்ன நிறம் என்றுகூட என் அம்மா சொல்லியிருப்பார்.

பொய் சொல்வதென்றாலும் ஆள் பார்த்துச் சொல்லவேண்டும்.

*

"கேட்டியோ?" என்றாள் பத்மாசினி, தட்டெழுத்து இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"கேட்டன்."

"வேலை போட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"பின்னேரத்துக்கிடையிலை போயிடும். அவர் எதையும் ஆறுதலாய்த்தான் செய்வார்."

பத்மாசினி சுன்னாகத்துக்காரி. வாய்க்குப் பூட்டில்லை. மூளைக்கும் இல்லை. போன வருடம் காணாமற்போன விடைத்தாள் கட்டைக் கண்டுபிடித்தது நாங்கள் இருவரும்தான். கன்ரீனில் அதில்தான் வடை சுற்றிக்கொண்டிருந்தார்கள். வடையில் ஒட்டியிருந்த விடையைப் பார்த்து, "இதுக்கு நாற்பது மார்க்ஸ்கூடக் காணாது" என்றவள் அவள். அன்றிலிருந்து கம்பசில் எது தொலைந்தாலும் எங்களிடம்தான் வருகிறார்கள்.

இம்முறை தொலைந்தது என் இடம்.

"பஞ்சலிங்கத்தின்ரை மீன் கணக்கை ஆர் ரைப் பண்ணுறது?"

"நான்தான். மாசக் கடைசியிலை சேர் ஒரு தாளைக் கொண்டுவந்து தானே வாசிப்பார், நான் அடிப்பன். அடிச்சு முடிஞ்சதும் தாளை மடிச்சுக்கொண்டு போயிடுவார். காபன் பிரதிதான் என்னட்டைக் கிடக்கு." இழுப்பறையைக் கண்ணால் காட்டினாள். "பைலைக் கேளாதை எண்டுதான் சொன்னனான். இழுப்பறையைத் திறவாதை எண்டு சொல்லேல்லை."

எட்டு மாதப் பிரதிகள். திகதி, மீனின் பெயர், நீளம், கடைசியில் சராசரி. சுவரில் தொங்கிய கடை நாட்காட்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். போன வருட நாட்காட்டி. அதன் மேல் இந்த வருடத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"யூன் ஏழாம் திகதி இல்லை. பதினாலு இல்லை. இருபத்தொண்டு, இருபத்தெட்டு, ரெண்டும் இல்லை."

"காய்ச்சலாக்கும்."

"எல்லாம் வெள்ளிக்கிழமை."

"அப்ப சரிதானே. வெள்ளிக்கிழமை ஆர் மீன் தொடுறது?"

"நீங்கள் சைவக்காரர் தொடமாட்டியள். எங்கடை ஊர் வள்ளம் வெள்ளியும் போகும். ஞாயிற்றுக்கிழமைதான் போகாது, சேர்ச்சிலை பூசை. இஞ்சை பார், ஞாயிறு ஞாயிறாய் இருபது மீன் கிடக்கு."

பத்மாசினி கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

நல்லூரில் கொடியேறிய நாளிலிருந்து தீர்த்தம்வரை இருபத்தைந்து நாளும் வெறுமை. ஒரு மீன் இல்லை.

"எல்லாம் காவடி எடுக்கப் போட்டுதாக்கும்" என்றாள்.

"யூலை இருபத்தைஞ்சைப் பார். இருபது விளைமீன்."

"அதிலை என்ன?"

"எங்கடை யாகப்பர் கோயில் திருநாள். அண்டைக்குக் குருநகரிலை வலையைத் தொட்டவனைச் சனம் பிடிச்சுச் சுவாமியாருக்கு முன்னாலை நிறுத்தியிருக்கும். பேத்தையும் இல்லை, கெளிறும் இல்லை, பார். எந்த வலை இழுத்தாலும் அரைவாசி வீசிற மீன்தான் வரும். இதிலை எல்லாம் கறிச்சட்டி மீன். எழுதின ஆள் மீனைக் கடலிலை கண்டதில்லை. சந்தையிலை கண்ட ஆள்."

"சைவ ஆள்" என்றாள் பத்மாசினி மெதுவாக.

"வெறும் சைவமில்லை. பொய்க்கு எழுதினாலும் விரத நாளிலை மீன் எண்டு எழுதக் கை கூசிற சைவம்."

"அப்ப சேர் இல்லை. உவர் நல்லூர்த் தேரண்டு கன்ரீனிலை மீன் ரோல்ஸ் சாப்பிட்ட மனுசன். ரெண்டு. மூண்டாவதையும் எண்ணிப் பாத்துவிட்டுத்தான் விட்டவர்."

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. பஞ்சலிங்கம் அங்கே நின்றுவிட்டான். அவன் ஓடிப்போனது தெரிந்தால் நோர்வேக்காரர் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார்கள். அதனால் இங்கே யாரோ அவனுக்காக மீன் எழுதுகிறார்கள், பேராசிரியர் அனுப்புகிறார், அடுத்த இடம் தமையன்மார் உள்ளவனுக்கு. சொல்லைக் காப்பாற்றாத ஒருவனுக்காக ஒரு கூட்டமே பொய் சொல்ல, உண்மையாக மீன் அளக்கத் தெரிந்தவள் அறிவித்தல் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

"எழும்பு" என்றேன். "குருநகருக்குப் போவம்."

"எனக்கு மூண்டு கடிதம் அடிக்கக் கிடக்கு."

"பின்னேரத்துக்கிடையிலை எனக்கு வேலை போயிடும் எண்டாய். உனக்கு மட்டும் நிக்குமோ?"

அவள் இயந்திரத்துக்கு மூடியைப் போட்டாள்.

*

இறங்குதுறையில் பாதி வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. நேவிக்காரன் கடலுக்குக் கோடு கிழித்தபின் கரையோரக் களப்புக்குள் போகிறவர்கள் மட்டும் போய் வருகிறார்கள். என் அப்புவின் வள்ளம் கவிழ்த்து வைத்தபடியே. அதன் நிழலில் இருந்து சூசைதாசன் மாமா வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, இஞ்சை ஆரேன் மீன் அளக்க வாறவையோ?"

"அளக்கவோ?" ஊசியை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தார். "வருசக்கணக்காய் எங்களைத்தான் அளக்கிறாங்கள் மோள், மேலை ஹெலியிலை நிண்டு. மீனை அளக்க ஒருத்தரும் வரேல்லை."

"கம்பஸ் ஆள் ஒருத்தர். பலகையோடை."

"பலகையோடை வந்திருந்தா இந்தப் பெடியள் அதிலை காட்ஸ் விளையாடியிருப்பாங்கள். எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கோட்டை முகாம் பக்கம் ஒரு வெடிச்சத்தம். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

பத்மாசினி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பிரதிகளைப் புரட்டினாள். "ஆர் எழுதியிருந்தாலும் நல்ல மனுசன். ரைப் பண்ணுற ஆளிலை இரக்கம் உள்ளவர். சராசரி எல்லாம் முழு எண். பதினெட்டு, இருபத்தொண்டு, பத்தொன்பது. எட்டு மாசமாய் ஒரு தசமப் புள்ளி அடிக்கேல்லை நான்."

நான் மாமாவின் கூடையை இழுத்தேன். இருபது ஓராவை எண்ணி எடுத்து, பத்மாசினியின் கைப்பையிலிருந்த அடிமட்டத்தால் ஒவ்வொன்றாக அளந்தேன். அவள் பிரதியின் பின்பக்கத்தில் கூட்டினாள், வகுத்தாள்.

"பதினேழு தசம் மூண்டு அஞ்சு."

இன்னுமொரு இருபது.

"பதினாறு தசம் எட்டு. என்ரை அடிமட்டம் இனி நாறும்."

"மீன் எங்களுக்கு வசதியாய் வளராது" என்றேன். "விடையை முதலிலை வைச்சுக்கொண்டு பிறகு கணக்கை எழுதியிருக்கு. ஆரடி அப்பிடி எழுதிறது?"

பத்மாசினி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கணக்கு ரீச்சர்மார்" என்றாள். "எங்கடை பத்மாவதி ரீச்சர் சராசரிக் கணக்குத் தந்தா விடை முழு எண்ணாய்த்தான் வரும். தசமம் வந்தா நீ எங்கையோ பிழை விட்டிட்டாய், திரும்பச் செய் எண்டுவா. பத்து வருசம் அவவிட்டை அப்பிடித்தான் படிச்சனாங்கள்."

"ஆர் அவ?"

"சுன்னாகத்திலை எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கை. இப்ப பென்சன். வெள்ளி விரதம், சட்டி விரதம், ஒண்டும் விடமாட்டா." என் பக்கம் திரும்பினாள். "யசிந்தா, அவதான் பஞ்சலிங்கம் அண்ணையின்ரை அம்மா."

*

சுன்னாகத்துக்கு நான் சைக்கிளை மிதித்தேன். பின்னால் கரியரில் இருந்து பத்மாசினி கதைத்துக்கொண்டே வந்தாள்.

"போனவுடனை பாயாதை. அவ எனக்கு எழுத்தறிவிச்ச ஆள்."

"எனக்கு இல்லை."

"எனக்காகவெண்டாலும்."

"அவவின்ரை மோன் பனியிலை சுகமாய் நிக்கிறான். இஞ்சை தாய் பொய் எழுதுறா. அப்புவின்ரை வள்ளம் ஒரு வருசமாய்க் கவிண்டு கிடக்கு, வீட்டிலை ஆறு பேர் என்ரை சம்பளத்தைப் பாத்துக்கொண்டிருக்கினம். எனக்கு இருந்தது இந்த ஒரு வழி. பாயாமல் என்ன செய்யிறது?"

"பாயிறதெண்டா மேடு வர முதல் சொல்லு. நான் இறங்கிறன்."

சந்தையைத் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கை. ஓட்டு வீடு. முன் விறாந்தையில் மேசை, மேசையில் நாற்பது தாள் கொப்பி, பக்கத்தில் பள்ளிக்கூடத்து மீன் படப் புத்தகம். மெலிந்த, நிமிர்ந்த ஒரு அம்மா எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கொப்பியை மூடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"பத்மாசினியோ? வா பிள்ளை. இது ஆர்?"

"நான் யசிந்தா. குருநகர். உங்கடை மோன் எட்டு மாசமாய் மீன் அளக்கிற ஊர்."

பத்மாசினி என் கையை நுள்ளினாள். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். நல்லூர், யாகப்பர், முழு எண், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கொப்பியைப் புரட்டி, யூலை இருபத்தைந்தை எடுத்து, ஓரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு பிழை அடையாளம் போட்டார்.

"யாகப்பர் எனக்குத் தெரியாமல் போச்சு. ஞாயிறு யோசிச்சிருக்க வேணும். வெள்ளிக்கிழமை தெரிஞ்சுதான் விட்டனான். மீன் எண்டு எழுத மனம் வரேல்லை."

"பொய்யும் விரதம் பிடிக்குமோ ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் பத்மாசினி நாக்கைக் கடித்தாள்.

"உங்கடை மோன் எந்த ஊரிலை நிக்கிறார்?" என்றேன். "ஓடிப்போன ஆளுக்கு நீங்கள் கொப்பி எழுத, என்ரை இடம் போட்டுது. அவர் திரும்பி வருவன் எண்டு ஒப்பம் வைச்சுத்தானே போனவர்? அந்த ஒப்பத்துக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

அவர் எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடும் சத்தம் கேட்டது. எனக்கு இருக்கப் பொறுக்கவில்லை. எழுந்து உள்ளறை வாசலில் நின்றேன். அலுமாரிக்கு மேலே ஒரு நீலச் சூட்கேஸ். அதன் மேல் படுக்கவைத்த நீளப் பலகை, ஓரத்தில் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகக் கோடு. மீன் அளக்கும் பலகை. எங்கள் ஆய்வுகூடத்தில் அப்படி ஒன்று இல்லை. நோர்வேக்காரர் தங்களிடம் படிக்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. ஒரு செதில்கூட ஒட்டியதில்லை அதில்.

"அண்ணை பெட்டியை மறந்திட்டுப் போனவராக்கும்" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் பத்மாசினி.

கதிரையை இழுத்து ஏறினேன். சூட்கேஸின் பிடியில் விமானக் கம்பனியின் சிட்டை இன்னும் தொங்கியது. போகிறவனின் பெட்டியில் போகிற ஊர் இருக்கவேண்டும். அதில் இருந்தது கொழும்பு. திகதி எண்பத்தைந்து மே ஒன்பது.

கதிரையில் நின்றபடியே திரும்பினேன். ரீச்சர் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார்.

"அவர் வந்தவர்" என்றேன்.

"பெட்டி வந்தது" என்றார். "பெட்டி மட்டும்."

*

கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸை வவுனியாவுக்கு அங்கால் ஆமிக்காரர் மறித்திருக்கிறார்கள். இளம் ஆட்கள் ஆறு பேரை இறக்கினார்கள். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் சூட்கேஸைக் கொண்டுவந்து இந்த விறாந்தையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாராம். ரீச்சர் இதைச் சொன்னவிதம் கரும்பலகையில் படிப்படியாக எழுதுவதுபோல் இருந்தது.

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். இத்தனை நாளாக நான் திட்டிய ஒருவன், எழுதிக் கொடுத்தபடி, சொன்ன மாதத்தில், பலகையோடு திரும்பி வந்திருக்கிறான். என் கோபம் போய் நிற்க இடமில்லாமல் நின்றது.

"ஊரிலை வெளிநாட்டிலை நிக்கிறான் எண்டு கதைக்கினம்" என்றாள் பத்மாசினி.

"கதைக்கட்டும் எண்டு விட்டன். வெளிநாட்டிலை எண்டா உயிரோடை எண்டுதானே பிள்ளை கருத்து. முதல் மாசம் எழுதேக்கை, அவன் வந்து பிழையைத் திருத்துவான் எண்டு நினைச்சுத்தான் எழுதினன்."

ஒழுங்கையில் கார்ச் சத்தம். பேராசிரியரின் பழைய மொரிஸ் மைனர். மாத முடிவு, தாள் வாங்க வந்திருக்கிறார். விறாந்தையில் என் செருப்பைக் கண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, அழைக்காமலே கதிரையில் இருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீர்."

"ஏன் சேர் என்னட்டைப் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொன்னா நோர்வேக்காரர் ஒப்பந்தத்தை மூடிப்போடுவினம். திரும்பிப் போற ஆளுக்கு உயிராபத்து எண்டா அவை ஆளை எடுக்கமாட்டினம், அது அவையின்ரை விதி. இந்தக் கொப்பி போறமட்டும் ரெண்டு வருசத்துக்கு ஒரு பிள்ளையை இஞ்சையிருந்து வெளியிலை எடுக்கலாம்."

"செபநாயகத்தையோ?"

"ஓம். அவன் திரும்பி வரமாட்டான். அதுக்குத்தான் அவன்." கண்ணாடியைக் கழற்றினார். "பிறகு அவனுக்கும் ஒரு கொப்பி திறப்பம். உம்மை ஏன் வெட்டினனான் தெரியுமோ? நீர் ஒப்பம் வைச்சா வைச்சதுதான். அடுத்த வருசம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸிலை ஏறுவீர். பஞ்சலிங்கமும் உப்பிடித்தான். முதல் தரமான பிள்ளையைப் பாத்து நான்தான் தெரிஞ்சனான். நான்தான் 'நாள் பிந்தாமல் வா' எண்டு கடிதமும் போட்டனான்."

ரீச்சர் ஆறிப்போன தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளினார்.

பேராசிரியர் பையிலிருந்து நியமனப் படிவத்தை எடுத்தார். செபநாயகத்தின் பெயரைக் கோடிட்டு வெட்டினார். என் பெயரை எழுதினார். வடிவான எழுத்து. பேனையை என் பக்கம் நீட்டினார்.

"உமக்கு இடம் தாறன். கீழை, திரும்பி வருவன் எண்டு ஒரு வரி இருக்கு. அதிலை ஒப்பம் வையும். வைச்சிட்டு, இந்த அம்மாவுக்கு முன்னாலை, வரமாட்டன் எண்டு எனக்குச் சொல்லும். நாளைக்குத் தபாலிலை போகும்."

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்தது. ஆய்வுகூடம் உள்ள கப்பலைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே கடலில் கோடு கிழித்திருக்கமாட்டார்கள். ஒரு வருடத்தில் தம்பியைக் கூப்பிடலாம். பேனையை வாங்கினேன்.

"வை யசிந்தா" என்றாள் பத்மாசினி. "யோசியாதை. நீ யோசிச்சா எப்பவும் பிழைதான்."

"சேர், நோர்வேக்காரருக்கு பஞ்சலிங்கம் காணாமற்போனது தெரியாதோ?"

"தெரியாது."

"அவையைப் பொறுத்தமட்டிலை அவர் இண்டைக்கும் குருநகரிலை நிண்டு மீன் அளக்கிறார்."

"ஓம்."

"நிண்டு அளக்கிற ஆளை ஆர் தேடுவினம்?"

"நான் தேடினன்" என்றார். முதன்முறையாக அவருக்குக் குரல் உயர்ந்தது. "அரச அதிபரின்ரை கச்சேரி, ஆமி முகாம், கொழும்பிலை அமைச்சு. அப்பிடி ஒரு ஆளையே இறக்கேல்லை எண்டுதான் சொன்னவங்கள். நோர்வேயிலையிருந்து கேட்டா மட்டும் தந்திடுவாங்களோ?"

"தரமாட்டாங்கள்."

"பிறகு?"

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து என் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

"ரீச்சர், எத்தினையாம் திகதி பஸ்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மே பதினொண்டு. சனிக்கிழமை."

"எத்தினை மணிக்கு மறிச்சது?"

"விடிய அஞ்சேகால் எண்டு சொன்னவர்."

"என்ன உடுப்பு?"

"சாம்பல் நிறக் காற்சட்டை. நான் அனுப்பின வெள்ளைச் சேட்டு. கையிலை ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, பெட்டிக்குள்ளை அடங்கேல்லையாம்."

"பெட்டியைக் கொண்டுவந்தவரின்ரை பேர்?"

"நீக்கிலாப்பிள்ளை. பாசையூர்."

"என்னத்துக்கு எழுதிறீர்?" என்றார் பேராசிரியர். பிறகு அவருக்கே விளங்கியது. "நோர்வேக்கு அந்தக் கடிதம் போனா உமக்கும் இடமில்லை. உமக்குப் பிறகு ஆருக்கும் இல்லை. அவை ஒரு அனுதாபக் கடிதம் போட்டிட்டுப் பைலை மூடுவினம். அவ்வளவுதான் நடக்கும்."

"ஓம் சேர்."

"விசரி" என்றாள் பத்மாசினி. அழுதுகொண்டிருந்தாள். "செத்த ஆளுக்காக உயிரோடை இருக்கிறவையை விடுறாய். ரெண்டு வருசத்துக்கு ஒராள் தப்புமடி. ஒராள்."

அவள் சொன்னது சரி.

"ஆர் சொன்னது செத்தது எண்டு?" என்றார் ரீச்சர். உரத்துச் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து மூடி, படிவத்தின் மேல் வைத்தார். என் பெயர் மறைந்தது.

சுவர் மணிக்கூட்டில் மூன்று இருபத்தைந்து. சுன்னாகம் தபாற்கந்தோர் நாலு மணிக்குப் பூட்டும். ஒரு ஏரோகிராம் வாங்கவேண்டும். பேராசிரியரின் பேனையை மேசையில் வைத்தேன். செருப்பைக் கொளுவிக்கொண்டு படியிறங்கினேன். பத்மாசினி பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. படலையைத் திறந்து ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டினேன்.